கழற்றிய காதும் குத்தாத காதும்

எங்கள் வீட்டுப் பெண்கள் நகை போடுவதில்லை. கம்மல், வளையல், செயின், மூக்குத்தி, கொலுசு எதுவும் கிடையாது. பூ வைப்பதில்லை, பொட்டு வைப்பதில்லை. கல்யாணத்தில் தாலியும் இல்லை. பாஸ்டர் முன்னால் கைப்பிடித்து உடன்படிக்கை சொல்வதோடு சரி. ஆராதனையில் உட்காரும்போது தலையில் முக்காடு இருக்க வேண்டும். குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். மற்றவர்களுக்கு எங்களைப் பார்த்ததும் முதலில் கண்ணில் படுவது அந்த வெறும் காதுதான்.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அவளுக்கு நாங்கள் காது குத்தவில்லை. இதைப் பற்றி இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்கு அறிவுரை வந்துகொண்டே இருக்கிறது. சபையில் சிலர், 'இப்பவே கண்டிப்பா வளர்த்தாத்தான் நாளைக்கு உலகத்துக்குள்ள போகாம இருப்பா' என்கிறார்கள். என் அண்ணன், கூட வேலை பார்ப்பவர்கள், எதிர்வீட்டு அக்கா எல்லோரும், 'உன் விசுவாசத்துக்குக் குழந்தை என்ன பண்ணும், பாவம்' என்கிறார்கள். இவர்களுக்கும் அவர்களுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, நான் என்ன நினைக்கிறேன் என்பதை ஒரே இடத்தில் முழுசாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

முதலில் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நகை வேண்டாம், ஆடம்பர உடை வேண்டாம் என்பது பெந்தெகொஸ்தேகாரர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியே தன் ஆட்களை எளிமையாக உடுத்தச் சொன்னவர். அந்தப் பரிசுத்த வாழ்க்கைப் போதனை அமெரிக்கா போய், 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசூசா தெருவில் நடந்த எழுப்புதல் ஜெபக் கூட்டங்களோடு கலந்து, மிஷனரிகள் வழியாகக் கேரளத்துக்கும் இலங்கைக்கும் வந்தது. 1920-களில் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன்தான் இன்று தாம்பரம் பக்கத்தில் இரும்புலியூரைத் தலைமையிடமாக வைத்திருக்கும் தி பெந்தெகொஸ்தே மிஷன். அதைத் தொடங்கிய பாஸ்டர் பால், ராமன்குட்டி என்ற பெயரோடு கேரளத்து இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். வெள்ளை உடை உடுத்திய ஊழியர்கள், நகையில்லாத பெண்கள், தரையில் பாய் விரித்து உட்காரும் ஆராதனை. இந்தத் தோற்றம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மற்ற பெந்தெகொஸ்தே சபைகளுக்கும் கொஞ்சம் கூடவோ குறையவோ பரவியது.

வசனம் கேட்டால் எங்கள் சபைப் பிள்ளைகள் தூக்கத்திலும் இரண்டு சொல்லும். ஒன்று 1 பேதுரு 3-ஆம் அதிகாரம்: புறம்பான அலங்கரிப்பு வேண்டாம், 'சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி'யே அலங்காரமாயிருக்கட்டும் என்பது. இன்னொன்று 1 தீமோத்தேயு 2:9. பொன், முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம் வேண்டாம் என்று அது சொல்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் மயிரைப் பின்னுவதும் அதே வரிசையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை இரட்டைப் பின்னல் போடாத பெண்பிள்ளை எங்கள் சபையில் ஒருத்தியும் இல்லை. விலையேறப்பெற்ற வஸ்திரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கல்யாண வீடுகளுக்கு வாருங்கள், காஞ்சிபுரம் பட்டு சரசரக்கும். ஆக வசனத்தில் இருப்பதில் பொன்னை மட்டும் நாங்கள் இறுகப் பிடித்திருக்கிறோம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஏன் பொன் என்று யோசித்தால் எங்கள் ஊர்க் கதைக்குள் போக வேண்டியிருக்கிறது, அதற்காகச் சொல்கிறேன்.

என் ஆச்சிக்கு வடித்த காது. அம்மாவின் அம்மா. அந்தக் காலத்தில் பெண்குழந்தை பிறந்ததும் காதைக் குத்தி, பஞ்சை உருட்டித் திணித்து, ஓட்டை பெரிதாகப் பெரிதாக ஈயக் குணுக்கு மாட்டி இழுத்து இழுத்துத் தோள்வரை தொங்க விடுவார்கள். அதில்தான் பாம்படம் போட முடியும். பாம்படம் கனமான பொன் நகை. தென்மாவட்டங்களில் வயசான அம்மாக்கள் காதில் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆச்சிக்குக் கல்யாணச் சீதனமாக வந்தது அது. நான் பார்க்கும்போது பாம்படம் கிடையாது, காது மட்டும் இருந்தது. தோலில் இரண்டு நீள வளையம் மாதிரி தொங்கும். ஜெபம் நீளமாகப் போகும் ராத்திரிகளில் நான் ஆச்சி மடியில் கிடந்துகொண்டு அந்த வளையத்துக்குள் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருப்பேன், ஆச்சி கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே என் கையைத் தட்டிவிடுவாள். மாவு மாதிரி மெத்தென்று இருக்கும் அந்தத் தோல், ஓரத்தில் மட்டும் கனம் தாங்கித் தாங்கிக் கொஞ்சம் காய்த்துப்போயிருக்கும்.

ஆச்சி பிறந்ததும் கட்டிக் கொடுக்கப்பட்டதும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களில். 1960-களில், மூன்று பிள்ளை பெற்ற பிறகு, பக்கத்து வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்துக்குப் போய் அங்கே இரட்சிக்கப்பட்டாள். குழித்துறை ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். அதற்கு முந்தின ராத்திரி பாம்படத்தைக் கழற்றிச் சிரட்டையில் போட்டு அடுக்களை மாடத்தில் வைத்தாளாம். காலையில் பார்த்த அவள் மாமியார், 'நான் இருக்கேன், ஒன் மாப்பிள இருக்கான், யாரு செத்துப் போனான்னுட்டி மூளிக்காதா நிக்க?' என்று கேட்டு வாசலில் உட்கார்ந்து அழுததாகச் சொல்வார்கள். தாத்தா பல மாசம் பேசவில்லை. ஆச்சி அசையவில்லை. அந்தப் பொன்னை விற்ற காசில்தான் பிற்பாடு என் அம்மாவை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார்கள். அம்மா படித்து வேலைக்குப் போனதால் நான் படித்தேன். பாம்படம் எங்கே போனது என்று யாராவது கேட்டால் ஆச்சி அம்மாவைக் கைகாட்டுவாள்.

இப்போது இன்னும் பின்னால் போகிறேன், ஏனென்றால் இந்த இடத்தை விட்டுவிட்டால் மற்றது விளங்காது. ஆச்சியின் ஆச்சி காலத்துக்கும் முன்னால், எங்கள் ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, எங்கள் நாடார் சமூகத்துப் பெண்கள் மாராப்புப் போடக் கூடாது என்று வழக்கம் இருந்தது. அது மட்டுமா. பொன் நகை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கக் கூடாது, மாடி வீடு கட்டக் கூடாது. 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து மெள்ள மெள்ளக் கிறிஸ்தவர்களானவர்கள், மிஷனரி வீட்டுப் பெண்கள் தைத்துக் கொடுத்த குப்பாயம் என்ற தளர்வான ரவிக்கையைப் போட்டுக்கொண்டார்கள். அதற்கு மேல் தோள்சீலையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனபோது மேல்சாதியார் அடித்தார்கள், உடுத்திய துணியைக் கிழித்தார்கள், பள்ளிக்கூடங்களையும் ஜெபாலயங்களையும் எரித்தார்கள். 1822-ல் தொடங்கியது. 1829-ல் அரசு, குப்பாயம் போட்டுக்கொள், தோள்சீலை கூடாது என்றது. மறுபடி 1858-லும் 59-லும் கலவரம். 1859 ஜூலை 26-ல்தான் உத்திரம் திருநாள் மகாராஜா எங்கள் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று பிரகடனம் செய்தார், அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இதைப் படித்த பிறகுதான் ஆச்சியின் பாம்படம் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. நகை போட்டால் அடி விழும் என்றிருந்த ஒரு சமூகத்தில், பொன் என்பது வெறும் மினுக்கு இல்லை. நானும் மனுஷிதான் என்று காதில் மாட்டிக்கொண்டு சொல்வது அது. ஆச்சியின் மாமியார் அழுததை நான் இப்போது குறைத்துப் பேச மாட்டேன். அவர்களுக்கு அது கஷ்டப்பட்டுக் கிடைத்த மரியாதை. அதே பொன்னை ஆச்சி தானாகக் கழற்றினாள். போடக் கூடாதென்று ஒருவன் தடுத்து வெறும் காதோடு நிற்பதும், போட்டிருந்ததைத் தன் கையால் கழற்றி வைத்துவிட்டு, எனக்கு இது வேண்டாம், என் மதிப்பு இதில் இல்லை என்று நிமிர்ந்து நிற்பதும் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும். ஆச்சி வடித்த காதோடு கடைசிவரை நடமாடினாள். அவள் வயசில் பலர் அந்தக் காதை அறுத்துத் தைத்து ஒழுங்குபண்ணிக்கொண்டார்கள், ஆச்சி மாட்டேன் என்றுவிட்டாள்.

அம்மா காலத்தில் என்ன ஆனதென்றால், கதை போய்ச் சட்டம் மட்டும் நின்றது. அம்மாவும் பெரியம்மாவும் நல்ல விசுவாசிகள், ஆனால் எங்களிடம் சொன்னதெல்லாம் 'நம்ம போடக் கூடாது', அவ்வளவுதான். ஏன் என்றால் 'கர்த்தருக்குப் பிரியமில்ல'. பெரியம்மா மகள், என் அக்கா, பள்ளிக்கூடத்தில் பென்சில் பாக்ஸுக்குள் கிளிப் கம்மல் வைத்திருப்பாள். பஸ் ஏறினதும் மாட்டுவாள், வீட்டுக்கு முந்தின ஸ்டாப்பில் கழற்றுவாள். நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம், யாரும் காட்டிக் கொடுத்ததில்லை. கல்யாணமாகி வேறு ஊர் போனதும் முதல் வேலையாகக் காது குத்திக்கொண்டாள், அப்புறம் சபைக்கே வரவில்லை. சில வருஷம் கழித்து என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாள்: 'எனக்குக் கம்மல் போடாததுதான் சபைன்னு சொல்லிக் குடுத்தாவ. கம்மல் போட்டேன், சபை போச்சு.' ஆச்சியின் பேத்திகளில் ஆச்சியைப் போலவே பாடுகிற குரல் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பாட்டை நான் இன்றும் தேடுகிறேன்.

என் வேலை வங்கியில், நகைக் கடன் பிரிவில். நகையே போடாத எனக்கு நாள் முழுக்க நகையோடுதான் பாடு. மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசி, எடை போட்டு, கல் எடை கழித்துச் சொல்ல, நான் எழுதிப் பொட்டலம் கட்டி முத்திரை வைப்பேன். மே, ஜூன் மாசங்களில் கூட்டம் தாங்காது, பள்ளிக்கூட ஃபீஸ். வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். தாலிக்கொடியை அடகு வைக்க வருகிறவள் வீட்டிலேயே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்திருப்பாள், அப்புறம்தான் கைப்பையைத் திறந்து கொடியை எடுத்து நீட்டுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். இதைத் தினமும் பார்க்கிற எனக்கு, நகை என்றாலே பெருமை, நகை என்றாலே பாவம் என்று என் மகளிடம் சொல்ல வாய் வராது. நிலத்தில் பேர் இல்லாத, பேங்க் புத்தகத்தில் பேர் இல்லாத எத்தனையோ பெண்களுக்குத் தன் சொத்து என்று இருப்பது அந்த நாலு பவுன்தான். கழற்று என்று அவளிடம் சொல்லும் சபை, அதற்குப் பதிலாக அவள் கையில் என்ன வைக்கப்போகிறது என்றும் சொல்ல வேண்டும். ஆச்சிக்குப் பொன்னுக்குப் பதில் ஒரு படிப்பு வந்தது. எல்லோருக்கும் அப்படி வந்ததா என்றால் இல்லை.

கவுண்ட்டரில் என்னைப் பார்க்கிறவர்களின் பார்வையும் எனக்குப் பழக்கம். பொட்டு இல்லை, தாலி இல்லை, காதில் ஒன்றும் இல்லை. வயசான அம்மா ஒருவர் கடன் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, 'இந்தச் சின்ன வயசுலயேவா கண்ணு, எத்தனை வருஷமாச்சு?' என்று கேட்டார். வீட்டுக்காரர் நல்லா இருக்கார்மா, நாங்க பெந்தெகொஸ்தே என்றேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது, ஆனாலும் விடாமல் என் கையைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அன்பாகக் கேட்டவரிடம் கோபப்பட என்ன இருக்கிறது. என் கணவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவர் பேன்ட் சட்டை போட்டு, முழுக்கை மடித்துவிட்டு, கையில் நல்ல வாட்ச் கட்டிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடுவார். விசுவாசத்தை உடம்பில் சுமந்துகொண்டு தெருவில் நடப்பது நானும் என் மாதிரிப் பெண்களும்தான். இதைச் சபையில் ஆண்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் விதியைக் கண்டிப்பாகப் பேசுகிற குரல் பெரும்பாலும் அவர்களுடையது.

அதே ஆண்கள் சிலர் மகனுக்குப் பெண் பார்க்கும்போது பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். 'நமக்கு நகை கிடையாது, அதனால அதைப் பணமாப் போட்டிருங்க.' குமரி மாவட்டத்தில் சீதனத் தொகை எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். காதில் குந்துமணிப் பொன் இருந்தால் சபையில் திருவிருந்து (நற்கருணை) கிடையாது, ஆனால் பெண் வீட்டில் ரொக்கமும் காரும் மனையும் வாங்கினவருக்கு முன்வரிசை. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்து 1961-லிருந்து இத்தனை வருஷமாகிறது. சட்டத்தை விடுங்கள், பொன்னாசை வேண்டாமென்று பேதுருவை எடுத்துப் பிரசங்கிக்கிறவர்களுக்கு இதைக் கேட்க நாக்கு வர வேண்டாமா? என் மகள் வளர வளர இதைக் கவனிப்பாள். பிள்ளைகள் நாம் சொல்வதைவிட வாங்குவதையும் கொடுப்பதையும்தான் கவனிக்கிறார்கள்.

சரி, அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். போன வருஷம் பள்ளி ஆண்டு விழாவில் அவள் வகுப்புக்குக் கரகாட்டம். டிரெஸ்ஸோடு சேர்த்து ஆளுக்கொரு ஜோடி கிளிப் கம்மலும் கொடுத்திருந்தார்கள். போட்டு ஆடட்டும் என்றேன். ஆடி முடித்து வந்தபோது காது மடல் இரண்டும் கிளிப் கடித்துச் செக்கச்செவேல் என்று இருந்தது, நான் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: 'அம்மா, நான் பெரிசானப்புறம் நிஜக் கம்மல் போட்டா இயேசப்பா கோவிச்சுப்பாரா?'

கோவிச்சுக்க மாட்டார் என்று உடனே சொன்னேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்போ நாம ஏன் போடறதில்ல என்பது அடுத்த கேள்வி. அதற்குத்தான் அன்று ராத்திரி ஆச்சியின் கதையை முழுசாகச் சொன்னேன். சிரட்டையில் வைத்த பாம்படம், வாசலில் அழுத மாமியார், நர்ஸ் படித்த அம்மாச்சி, அதற்கெல்லாம் முன்னால் தோள்சீலைக்காகச் சந்தையில் அடிவாங்கின பெண்கள், எல்லாம். எனக்கு இந்த வழியைக் காட்டியது உபாகமம் 6-ஆம் அதிகாரம். இந்தக் கட்டளைகள் எதற்கென்று நாளைக்கு உன் பிள்ளை கேட்டால், கட்டளையைத் திரும்ப ஒப்பிக்கச் சொல்லவில்லை அங்கே. நாங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்தோம், கர்த்தர் எங்களைப் புறப்படப்பண்ணினார் என்று நடந்ததைச் சொல்லச் சொல்கிறது. எங்களுக்கும் ஒரு எகிப்து இருந்தது, அது எங்கள் ஊர்ச் சந்தையிலேயே இருந்தது. அதைச் சொல்லாமல் 'கம்மல் போடாதே' என்று மட்டும் சொன்னால் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு தடை, இன்னொரு தடை, அவ்வளவுதான்.

அண்ணனிடமும் இதையேதான் சொன்னேன், ஆனால் அவனோடு பேசுவது கஷ்டம், ஏனென்றால் அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவன் கல்யாணத்துக்குப் பிறகு மனைவி வீட்டாரோடு சி.எஸ்.ஐ.க்குப் போய்விட்டான். என் மகள் பிறந்ததும் சின்னதாக ஒரு ஜோடி கம்மல் வாங்கி வைத்துவிட்டான். 'ஒனக்குக் காது குத்தயில்ல, அத நான் கேக்கயில்ல. எனக்கு வேற தங்கச்சி கெடையாது. தாய்மாமன் மடின்னு ஒண்ணு எனக்கும் வேண்டாமாட்டி?' என்றான். மதத்தைத் தாண்டின உறவு அது. எங்கள் பக்கம் கிறிஸ்தவனோ இந்துவோ, காதுகுத்து என்றால் மாமன் மடிதான். அவன் கேட்டதற்கு நான் சொன்ன பதில் இது: 'குத்தாத காத எப்ப வேணும்னாலும் குத்தலாம்ணே. அவளுக்கு வேணும்னு தோணுற அன்னைக்கு ஒன் மடியிலதான் உக்காருவா, எவ்வளவு பெரியவளா இருந்தாலும்.' அவன் சிரித்துவிட்டான். கம்மல் அவன் பீரோவில் இருக்கிறது.

சபையில் மூத்த சகோதரி ஒருவர் இதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். 'பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து' என்ற நீதிமொழியைச் சொன்னார். நான் மரியாதையோடு ஒன்று கேட்டேன். அக்கா, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை நாம ஏன் ஒத்துக்கிறதில்ல? தானே விசுவாசிச்சு, தானே வாயைத் திறந்து அறிக்கை பண்ணினாத்தான் அது ஞானஸ்நானம்னு சொல்றோம், இதுக்காகத்தானே ஆச்சியெல்லாம் பெரிய சபையைவிட்டு வெளியே வந்தாங்க. தண்ணிக்கு ஒரு நியாயம், பொன்னுக்கு ஒரு நியாயமா? நகை வேண்டாம் என்பதும் ஒரு அறிக்கைதான். அதை அஞ்சு வயசுப் பிள்ளை வாயில் நாம் திணித்தால் அது யாருடைய அறிக்கை? அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், 'அப்போ உலகப் பிள்ளைங்க மாதிரி குத்திவிட்டு வளர்க்க வேண்டியதுதானே' என்றார். அதுவும் இல்லை, அதுவும் அவளைக் கேட்காமல் செய்வதுதான் என்றேன். காது குத்தாமல் விட்டிருப்பது எங்கள் விதியைக் காப்பாற்ற இல்லை. என்றைக்கும் முடிவு அவள் கையில் இருக்கட்டும் என்பதற்காக. கம்மலைக் கழற்றலாம், ஆனால் ஆச்சி மாதிரி அர்த்தத்தோடு கழற்ற அவளுக்கும் ஒருநாள் மனசு வரலாம், வராமலும் போகலாம். வராமல் போனால் அவள் என் மகள் இல்லையா, சபைக்கு அந்நியளா? பெரியம்மா மகள் அக்கா விஷயத்தில் நடந்ததை நான் இன்னொரு முறை பார்க்கத் தயாராக இல்லை. அந்த மூத்த சகோதரி ஜெபித்துவிட்டுத்தான் கிளம்பினார், ஜெபத்தில் என் மகளுக்கு நல்ல புத்தி கொடும் என்றார், எனக்கும் கொடும் என்றார். ஆமென் என்றேன்.

எங்கள் அடுக்ககத்தில் பள்ளி வேனுக்காகக் காத்திருக்கும்போது காயல்பட்டினத்துக்கார முஸ்லிம் தோழி ஒருவரோடு இதைப் பேசுவதுண்டு. அவர் பாட்டி வெள்ளைத் துப்பட்டி போட்டவர், அம்மா காலத்தில் கறுப்பு வந்துவிட்டது, இப்போது மகள் எதைப் போடுவாள், எப்போது போடுவாள் என்பது அவர் வீட்டுப் பேச்சு. 2022-ல் கர்நாடகத்தில் ஹிஜாப் போட்ட பெண்கள் கல்லூரி வாசலில் நிற்க வைக்கப்பட்டபோது அவர் தூங்கவில்லை. உயர் நீதிமன்றம் அந்த மார்ச்சில் ஹிஜாப் இஸ்லாமில் அத்தியாவசியமான வழக்கம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். அதில் நீதிபதி தூலியா, இது அந்தப் பெண்ணின் தெரிவு, அவள் படிப்பு முக்கியம் என்ற பக்கம் நின்றார். எனக்கும் அதுதான் சரி. எங்கள் காதும் அவர்கள் தலையும் வேறு வேறு கதைதான். எங்களை எந்த அரசும் இப்போது வாசலில் நிறுத்தவில்லை. ஆனால் இருநூறு வருஷம் முன்னால் எதை உடுத்தலாம் என்று அரசு உத்தரவு போட்ட ஊரின் பிள்ளை நான், அவர்கள் வாசலில் நின்றபோது என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. 1985-ல் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்து மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியைவிட்டு அனுப்பப்பட்டபோது, அனுப்பியது தவறு என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசும் பள்ளியும் பிள்ளையின் விசுவாசத்துக்கு இடம் விட வேண்டும் என்று கேட்கிற நாம், வீட்டுக்குள் அதே இடத்தை அந்தப் பிள்ளைக்கு விடுகிறோமா? தோழியும் நானும் பேசுவது கடைசியில் இதில்தான் வந்து நிற்கும், வேன் வந்துவிடும்.

இப்போது வீட்டில் எப்படி என்றால், ஞாயிறு சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து வேதம் வாசிக்கிறோம், என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். அவள் ஆராதனைக்கு முக்காடு போட்டுத்தான் வருகிறாள், அவளுக்கு அது பிடித்திருக்கிறது, என் பழைய துப்பட்டா ஒன்றை அதற்கென்று எடுத்து வைத்திருக்கிறாள். ஆதியாகமம் 24 வாசித்த அன்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்குக் காதணியும் கடகமும் கொடுக்கிறான். 'கம்மல் குடுக்கறாங்க! ஈசாக்கோட கல்யாணத்துக்கு!' கொஞ்ச வாரம் போய் யாத்திராகமம் 32 வந்தது. காதிலிருந்த பொன்னணிகளைக் கழற்றிக் கன்றுக்குட்டி செய்கிறார்கள். 'அப்போ கம்மல் நல்லதா கெட்டதா?' என்றாள். இரண்டும் ஒரே வேதத்தில் இருக்கிறது, நீயே பாஸ்டர்கிட்ட கேளு என்றேன்.

கேட்டாள். ஆராதனை முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது நேராகப் போய் நின்று கேட்டாள். எங்கள் பாஸ்டர் ஊர்க்காரர், கண்டிப்பானவர், நகை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவர். 'நல்ல கேள்வி மக்களே, நான் படிச்சிட்டு அடுத்த வாரம் சொல்லுதேன்' என்றார். அடுத்த வாரம் மறக்காமல் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, கால் மணி நேரம் சொன்னார்: பொன் கர்த்தருடையது, கொடுக்கிறதற்கும் கும்பிடுகிறதற்கும் வித்தியாசம் உண்டு, நாம எதுக்காக விட்டோம்னு ஒன் பூட்டி வாழ்ந்து காட்டினா. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'சரி பாஸ்டர், ஆனா அதே வசனத்துல பின்னல் போடக் கூடாதுன்னும் இருக்கே?' என்றாள். அதற்கும் படித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.